கடல் விலகிய பின்னும் நிற்கும் நாகூர் தர்கா

ஊரிலிருந்து வரும் உற்றார் உறவினரைத் தெலுக் ஆயர் சாலைக்கு அழைத்துச் செல்லும்போது, அவர்கள் நாகூர் தர்காவின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கிறார்கள். “இங்கே அடங்கியிருப்பவர் யார்?” என்பது ஒன்று. “கடலே கண்ணுக்குத் தெரியாத இந்த இடத்தில், கடலோடிகளின் எஜமானுக்கு எதற்காகத் தர்கா கட்டினார்கள்?” என்பது மற்றொன்று. இரண்டுமே நல்ல கேள்விகள். இவற்றுக்கு நம் பிள்ளைகளும் விடை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான், பொன்விழா மலரில் இந்தக் கட்டடத்தின் வரலாற்றைச் சற்று விரிவாகவே எழுதிவைக்கிறோம்.

முதல் கேள்விக்கான விடை மிகச் சுருக்கமானது. இங்கே ஆண்டகையின் அடக்கம் இல்லை. ஹழ்ரத் ஷாஹுல் ஹமீது நாயகம் (ரஹ்) அவர்கள் அடங்கியிருப்பது தமிழகத்து நாகூரில். சிங்கையில் இருப்பது அவர்களின் நினைவாக எழுப்பப்பட்ட கட்டடம். பயணிகள் கைந்நூல்கள் சில இதைப் பள்ளிவாசல் என்று எழுதுகின்றன, அதுவும் சரியன்று. தொழுகைக்கென்று நம் முன்னோர் கட்டிய பள்ளிகள் வேறு. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்வோம். பள்ளியுமல்லாமல், அடக்கத்தலமுமல்லாமல் ஒரு கட்டடத்தை, கையில் காசு அதிகம் இல்லாத காலத்தில், கல்லும் காரையுமாக ஏன் எழுப்பினார்கள்? இதற்கு விடை தேட நாகூர்க் கரைக்குத்தான் போகவேண்டும்.

வட இந்தியாவின் மாணிக்கப்பூரில் பிறந்த நாயகம் அவர்கள், பல நாடுகளைச் சுற்றி, 16ஆம் நூற்றாண்டில் நாகூர் வந்து தங்கினார்கள். தஞ்சையை ஆண்ட நாயக்க மன்னரின் நோயைத் தீர்த்ததாகவும், மன்னர் மகிழ்ந்து நிலம் கொடுத்ததாகவும் வரலாறு வழங்குகிறது. ஆனால் கடற்கரை மக்களின் மனத்தில் நின்றது வேறு செய்தி. நடுக்கடலில் ஒரு கப்பலின் அடிப்பலகை விரிசல்கண்டு நீர் புகுந்ததாம். கப்பலில் இருந்தவர்கள் நாயகத்தை நினைத்து அழுதார்களாம். நாகூரில் நாவிதரிடம் முடி மழித்துக்கொண்டிருந்த நாயகம், கையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைத் தூக்கி எறிய, அது போய் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டதாம். இந்தக் கதையை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் நம்மிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனாலும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டவர்கள் யார் என்பதில் ஐயமே இல்லை. மரக்கலத்தின் அடித்தட்டில் நீர் கசிவதைக் கண்டு நெஞ்சு பதறியவர்கள் அவர்கள். அல்லாஹ்வைத் தவிர வேறு துணையில்லாத வங்கக் கடலில் பல நாள் மிதந்தவர்கள்.

நாகூர்க் கந்தூரியைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். விழாவுக்கு முன்னால் மினாராக்களில் பாய்மரம் ஏற்றுகிறார்கள். கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவில் அமைத்த ரதங்கள் நாகப்பட்டினத்திலிருந்து வருகின்றன. பதினான்கு நாள் விழாவின் ஒவ்வொரு முனையிலும் கடல் வாசம் வீசும். தர்காவின் பெரிய மினாரா 131 அடி உயரம். அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். இந்து மன்னர் ஒருவர் எழுப்பிய அந்த மினாரா, கரை தேடி வரும் மாலுமிகளுக்கு அடையாளமாகவும் இருந்தது. பயணம் புறப்பட்டவன் கடைசியாகப் பார்த்ததும் அதுதான். திரும்பியவன் முதலில் தேடியதும் அதுதான்.

நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை, தொண்டி, கீழக்கரை எனச் சோழமண்டலக் கரை நெடுக இருந்த துறைகளிலிருந்து நம்மவர்கள் தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே பாய்விரித்து, வடகிழக்குப் பருவக்காற்றில் ஊர் திரும்பினார்கள். அச்சேயும் கெடாவும் மலாக்காவும் அவர்களுக்குப் பக்கத்து ஊர்கள்போல. கைத்தறித் துணி கொண்டுபோய் மிளகும் பாக்கும் தகரமும் கொண்டுவந்தார்கள். இவர்களைத்தான் மலாய்க்காரர்களும் ஆங்கிலேயர்களும் சூலியாக்கள் என்று அழைத்தார்கள். பினாங்கை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1794ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கையில், சோழமண்டலக் கரைக் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர்வரை கொண்டுவருவதாகவும், அவர்கள் கொஞ்சம் பொருள் சேர்த்ததும் ஊர் திரும்ப, வேறு ஆட்கள் அவர்கள் இடத்துக்கு வருவதாகவும் குறிப்பிடுகிறார். வந்து போகிறவர்கள் என்றுதான் அவர் கண்ணுக்கு நம்மவர் பட்டார்கள்.

ஆனால் வந்து போகிறவர்கள் கல்லில் கட்டடம் கட்டமாட்டார்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதிர் முகையதீன் மரக்காயர் தலைமையில் 1801இல் பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தொடங்கப்பட்டது. அதே நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பினாங்கின் சூலியா வீதியில் நாகூர் ஆண்டகைக்கு ஒரு நினைவுத்தலமும் எழுந்தது. முதலில் பள்ளி, அடுத்து ஆண்டகையின் நினைவுத்தலம்: சிங்கையிலும் நம்மவர்கள் இதே வரிசையில்தான் நடந்தார்கள்.

1819இல் ராஃபிள்ஸ் இங்கே கொடி ஏற்றியதும் பினாங்குச் சூலியாக்கள் பலர் புதிய துறையை நோக்கி வந்தார்கள். ஊரிலிருந்து நேரே வந்தவர்களும் உண்டு. 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்தில் சிங்கப்பூர் ஆற்றின் தென்கரை மேற்பகுதியில் ‘சூலியா கம்போங்’ என்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. திட்டம் வரைந்தவர் கணக்கு அது. பிழைக்க வந்தவர்கள் கணக்கு வேறு. கப்பல் நங்கூரமிடும் தெலுக் ஆயர் கரையையும், வணிகம் நடக்கும் சந்தைப் பகுதியையும், ஆற்று முகத்தையும் ஒட்டியே நம்மவர் குடியேறினார்கள். துணி விற்றார்கள், நாணயம் மாற்றினார்கள், கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக் கிட்டங்கிக்குக் கொண்டுசேர்க்கும் தொங்கான்களை ஓட்டினார்கள். ஆற்றில் தொங்கான் தொழில் தொடக்க காலத்தில் பெரும்பாலும் சூலியாக்கள் கையில்தான் இருந்தது என்பது இன்று படகு மீடுறையில் நடப்பவர்களுக்குத் தெரியாது.

ஏழெட்டு ஆண்டுகளுக்குள் அவர்கள் செய்ததைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 1826இல் அன்சர் சாஹிப் தலைமையில் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ பள்ளிவாசல் நிறுவப்பட்டது. இன்று காணும் கட்டடம் 1830க்கும் 1835க்கும் இடையே எழுந்தது. 1827இல் தெலுக் ஆயரில், ஓலை வேய்ந்த குடிசையாக மற்றொரு தொழுமிடம். நம்மவர் அதைக் ‘குச்சுப் பள்ளி’ என்றே அழைத்தார்கள். 1850களில் செங்கல் கட்டடமாகி, இன்று மஸ்ஜித் அல்-அப்ரார் என்ற பெயரில் விளங்குகிறது. அதே 1827இல், அதே சாலையில், காதர் பிள்ளை என்பவருக்கு ஒரு நிலம் வழங்கப்பட்டது. அந்த நிலத்தில் 1828க்கும் 1830க்கும் இடையே கட்டி முடிக்கப்பட்டதுதான் நாகூர் தர்கா. இந்த ஆண்டுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. பார்த்தால் ஒன்று தெரியும். குச்சுப் பள்ளியில் ஓலைக்குக் கீழே நின்று தொழுதுகொண்டிருந்த காலத்திலேயே, சில அடி தள்ளித் தர்காவைச் செங்கல்லும் காரையுமாக எழுப்பிவிட்டார்கள். தொழுகைக்கு மழைக்கு ஒதுங்க ஓர் இடம் போதும் என்றிருக்கலாம். நன்றிக்கடனை மட்டும் தள்ளிப்போட அவர்களுக்கு மனம் வரவில்லை.

அன்றைய தெலுக் ஆயர் சாலை ஒரு மணற்கரை. தர்காவின் வாசலுக்கு எதிரே பாய்மரங்கள் அடர்ந்து நின்றன. கரையேறியவன் நாலு எட்டு வைத்தால் தர்கா. ஈரக் காலோடு வந்து, ஃபாத்திஹா ஓதி, அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் வேலையையும் தங்குமிடத்தையும் தேடிப் போகும்படி அமைந்த இடம் அது. நம்மவர் மட்டுமா இப்படிச் செய்தார்கள்? அதே சாலையில் 1839 முதல் 1842வரை ஹொக்கியன் சீனர்கள் தியான் ஹொக் கெங் ஆலயத்தைக் கட்டினார்கள். அது கடலைக் காக்கும் தெய்வமாக அவர்கள் நம்பும் மாட்ஸுவுக்கு உரியது. தென்சீனக் கடலைக் கடந்தவர்களும் வங்கக் கடலைக் கடந்தவர்களும் ஒரே கரையில் இறங்கி, பிழைத்து வந்ததற்குத் தத்தம் வழியில் நன்றி சொன்னார்கள். இரண்டு கட்டடங்களுக்கும் இடையே இப்போது ஒரு சிறிய பூங்கா இருக்கிறது. இன நல்லிணக்கம் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் ஒருமுறை அந்தப் பூங்காவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாலே பாதிப் பேச்சு மிச்சமாகும்.

இனி கட்டடத்தைப் பார்ப்போம். சாலையோரம் நின்று முகப்பைப் பார்த்தால், கீழ்ப்பகுதி ஒரு நாட்டையும் மேற்பகுதி இன்னொரு நாட்டையும் சேர்ந்ததுபோல் தோன்றும். கீழே வளைவுகளோடு கூடிய உயரமான கதவுகள், சுவரோடு ஒட்டிய ஐரோப்பியப் பாணித் தூண்கள். அக்காலத்தில் கோல்மன் முதலான கட்டடக் கலைஞர்கள் இந்நகரில் அரசாங்கத்துக்கும் வணிகர்களுக்கும் எழுப்பிக்கொண்டிருந்த மாளிகைகளின் சாயல் அது. கண்ணை மேலே கொண்டுபோனால் துளையிட்ட காரைச் சட்டங்கள் வருகின்றன. மூலைகளில் பதினான்கு அடுக்குகளாகக் குறுகிக்கொண்டே போகும் மினாராக்கள். அந்த மினாராக்களைப் பார்த்ததும் நாகூர்க்காரர்களுக்கு ஊர் நினைவு வந்துவிடும். அளவில் அவற்றுக்கும் நாகூர் மினாராக்களுக்கும் ஒப்பே இல்லை. ஆயினும் அடுக்கின்மேல் அடுக்காகக் கட்டும் முறையும், ஒவ்வோர் அடுக்கிலும் சிறு மாடங்கள் வைப்பதும் அந்தக் கரையின் கைவேலைதான். அளவெடுத்த வரைபடம் ஏதும் கண்முன் வைத்துக் கட்டியதாக நமக்குத் தோன்றவில்லை. ஊரை நினைத்துக்கொண்டே கட்டிய கை தெரிகிறது.

இந்தக் கலப்பைச் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. எங்களுக்கு அது குறையாகப்படவில்லை. ஜாமிஆ பள்ளிவாசலிலும் இதே கலப்பைக் காணலாம். சாலையைப் பார்த்த வாயிலில் எண்கோண மினாராக்கள் இரண்டு. அவற்றுக்கு நடுவே குட்டிக் கதவுகளும் சிலுவை வடிவத் துளைகளும் கொண்ட பொம்மை மாளிகைபோன்ற முகப்பு. இது முழுக்க முழுக்கத் தென்னிந்தியச் சாயல். உள்ளே தொழுகைக் கூடமோ தடித்த வட்டத் தூண்களோடு ஐரோப்பிய முறையில் இருக்கிறது. வாயில் தெருவின் போக்கில் நிற்கிறது. தொழுகைக் கூடம் தெருவைப் பொருட்படுத்தாமல் கிப்லாவை நோக்கித் திரும்பி நிற்கிறது. நகரம் போட்ட கோட்டில் வாசலை வைத்து, தொழும் திசையை மட்டும் விட்டுக்கொடுக்காமல் இருந்திருக்கிறார்கள்.

அந்நாளைய சுண்ணாம்பு வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சென்னைச் சுண்ணாம்பு என்று ஆங்கிலேயர் புகழ்ந்த பூச்சு நம் கரைக்குச் சொந்தமானது. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கருப்பட்டி ஆகியவற்றைச் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்துப் பூசி, காய்ந்தபின் வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்களுக்கு இந்தியக் கைதிகள் பூசிய பூச்சு இந்த வகைதான். கைதிகளாய் வந்தவர்களும் வணிகராய் வந்தவர்களும் ஒரே மண்ணின் கைத்தொழிலை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புக் கட்டடத்துக்கு ஒரு குணம் உண்டு: ஆண்டுக்கொரு முறை கவனித்துக்கொண்டே இருந்தால் நூற்றாண்டுகள் நிற்கும், கவனிக்க ஆளில்லாமல் போனால் ஈரம் உள்ளே இறங்கிவிடும்.

ஈரத்துக்கு முன்னால் வேறொன்று நடந்தது. கடல் விலகியது.

தானாக விலகவில்லை. துறைமுக வணிகம் பெருகப் பெருக நகருக்கு நிலம் போதவில்லை. 1879இல் தெலுக் ஆயர் விரிகுடாவைத் தூர்க்கும் பணி தொடங்கியது. அருகிலிருந்த வாலிச் குன்றை வெட்டிச் சாய்த்து அந்த மண்ணைக் கடலில் கொட்டினார்கள். தர்காவின் வாசலுக்கு எதிரே செசில் வீதியும் ராபின்சன் சாலையும் வந்தன. பின்னர் மேலும் மேலும் தூர்த்து, இன்று மரினா பே வரை நிலமாகிவிட்டது. அதே காலத்தில் பாய்மரக் கப்பல்களும் போய்விட்டன. சூயஸ் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பல்கள் பெருகின. மரக்காயர்களின் மரக்கலங்களால் போட்டியிட முடியவில்லை. கப்பலுக்கு உரிமையாளராக இருந்த சமூகம், ஆங்கிலக் கம்பெனிக் கப்பலில் டிக்கெட் வாங்கிப் போகும் சமூகமாக மாறியது. எங்களில் மூத்தவர்களுக்கு ‘ரஜுலா’ நினைவிருக்கும். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம்வரை நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கைக்கும் இடையே ஓடியது. தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த தலைமுறை நம் அத்தாமார்களுடையது. விமானம் வந்தபின் கடல் பயமும் போயிற்று. கண்ணாடி எறிந்த கதை, கப்பலேறாத பிள்ளைகளுக்கு வெறும் கதையாயிற்று.

இந்தக் கரையைச் சுற்றி வளர்ந்த தமிழ் எழுத்தையும் மறக்கக்கூடாது. சிங்கையில் அச்சான மிகப் பழைய தமிழ் நூல்களுள் ஒன்று 1872இல் வெளிவந்த ‘முனாஜாத்துத் திரட்டு’. அதை இயற்றியவர் நாகூர் முகம்மது அப்துல் காதிர் புலவர். 1887இல் ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கியவர் மகுதூம் சாயபு. நாகூர்க் கரை இங்கே கட்டடத்தை மட்டும் கொண்டுவரவில்லை. ஆனால் பெயர் விஷயத்தில் நகரம் நம்மிடம் அவ்வளவு தாராளமாக நடந்துகொள்ளவில்லை. இன்றைய சூலியா வீதிக்கு அன்று கிளிங் வீதி என்று பெயர். அந்தச் சொல் நம்மவரை இழித்துரைக்கும் சொல்லாக மாறிவிட்டதால், 1920களின் தொடக்கத்தில் பெயர் மாற்றப்பட்டது.

1905இல் முகம்மதிய, இந்து அறக்கட்டளை வாரியத்துக்கான சட்டம் வந்தது. தனிமனிதர்கள் பொறுப்பில் இருந்த பள்ளிகளும் அறச்சொத்துகளும் கணக்குக்கும் ஒழுங்குக்கும் உட்பட்டன. பிற்காலத்தில் அந்தப் பொறுப்பு முயிஸ் வசம் சென்றது. 1974இல் ஜாமிஆ பள்ளிவாசல், அல்-அப்ரார், நாகூர் தர்கா மூன்றும் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. சுற்றிலும் கட்டடங்கள் இடிபட்டு வானுயர்ந்த அலுவலகங்கள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. அந்த அறிவிப்பு வந்திராவிட்டால் இன்று அங்கே எது நின்றிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அறிவிப்பு இடிபடாமல் காத்தது. பழுதுபடாமல் காக்க அது மட்டும் போதவில்லை. 1990களில் கட்டடத்தின் நிலை மோசமாகி, பொதுமக்களுக்கு மூடப்பட்டது. 2007இல் சீரமைப்பு தொடங்கி, 2011இல் ‘நாகூர் தர்கா இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம்’ என்ற பெயரில் மீண்டும் திறக்கப்பட்டது. வெள்ளையும் வெளிர்பச்சையுமாய்ப் பொலிந்து நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். சூலியாக்களின் வரலாறும் தொழிலும் படங்களாகவும் பொருள்களாகவும் அங்கே வைக்கப்பட்டுள்ளன.

இதில்தான் எங்களுக்குள் வாதம் எழுகிறது. சங்கத்தின் கூட்டங்களிலும் இது எழுந்திருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. தர்காவில் நேர்ச்சையும் கந்தூரியும் மார்க்கத்துக்கு உகந்தவை அல்ல, அரும்பொருளகம் ஆனதே நல்லது என்பார் ஒரு சாரார். ஆண்டகையின் பேரால் ஓதி, சோறாக்கி, ஏழை எளியவருக்குப் பகிர்ந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டிகளும் விளக்கப் பலகைகளும் இருப்பதைக் காண மனம் பொறுக்கவில்லை என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் நம் சகோதரர்களே. இருவரிடமும் மார்க்கப் பற்று உண்டு. இந்த மலரில் அந்த வாதத்தைத் தீர்த்துவைக்க நாங்கள் முற்படவில்லை. ஒன்றை மட்டும் இரு சாராருக்கும் சொல்லுகிறோம். இந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள், ஜாமிஆ பள்ளியையும் குச்சுப் பள்ளியையும் கட்டிய அதே மக்கள். தொழுகை எங்கே, நினைவு எங்கே என்ற வேறுபாடு அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் மூன்றையும் தனித்தனியே கட்டினார்கள். நேர்ச்சை பற்றி எந்தக் கருத்து உடையவரானாலும், கடல் கடந்து உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றியாக அவர்கள் எழுப்பிய கட்டடம் இது என்ற உண்மை மாறப்போவதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாலும் அது அவர்களுடையதுதான்.

எங்கள் கவலை வேறு. கட்டடம் நின்றுவிட்டது. அதற்குள் நடந்தவை பெரும்பாலும் எழுத்தில் இல்லை. கந்தூரிக்குக் கொடி தைத்தவர் யார், மௌலூது ஓதியவர்கள் எந்த ஊரார், சமையலுக்கு அரிசி கொடுத்த கடைகள் எவை, பெண்கள் எந்தப் பக்கம் அமர்ந்தார்கள், யுத்த காலத்தில் விளக்கு எரிந்ததா என்பவையெல்லாம் முதியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. அந்த நினைவுகளைக் கேட்டு எழுதிவைக்கும் பணியைச் சங்கம் இந்தப் பொன்விழா ஆண்டில் கையில் எடுத்திருக்கிறது. பழைய கந்தூரி அழைப்பிதழ், கைச்சாத்து, குடும்பப் புகைப்படம், கப்பல் டிக்கெட், ஊருக்கு எழுதிய கடிதம் என எது வைத்திருந்தாலும் சங்கத்தின் அலுவலகத்தில் கொண்டுவந்து காட்டுங்கள். படியெடுத்துக்கொண்டு மூலத்தை அன்றே உங்கள் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவோம். எழுத இயலாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் சொல்லியனுப்புங்கள். இளைஞர் அணியினர் நேரில் வந்து, அவர்கள் சொல்லச் சொல்லப் பதிவுசெய்துகொள்வார்கள்.